பூட் ஆகாத ஹார்டு டிஸ்க்கும் மாமாவின் மொய்க் கணக்கும்

வேளச்சேரியிலிருந்து ஒருவர் கேட்டது:

"பத்து வருஷப் பழைய டெஸ்க்டாப். நேற்று காலை கரண்ட் போய் வந்ததிலிருந்து கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் சரியான பூட் டிவைஸைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது, அதோடு நின்றுவிடுகிறது. தெருமுனைக் கடைக்காரர் பார்த்துவிட்டு, 'டிஸ்க் போச்சு சார், ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் ஏத்தினா ஓடும், உள்ளே இருக்கிறது போயிடும்' என்கிறார். 1 டெராபைட் டிஸ்க், பாதிக்கு மேல் போட்டோ. பெண்ணின் அரங்கேற்ற வீடியோ அதில் மட்டும்தான் இருக்கிறது. பூட் ஆகாவிட்டால் எல்லாமே போனதாகத்தான் அர்த்தமா?"

ஜூன் 3, இரவு 10.50

இல்லை. முதலில் மெஷினை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மீதியை நாளை எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் இப்போதே. டிஸ்க் போச்சு என்றவரே ஃபார்மட் அடித்தால் ஓடும் என்றும் சொல்லியிருக்கிறார். போன டிஸ்க் எப்படி ஓடும்? ஓடும் என்றால் அது போகவில்லை. அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், அதைச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 4, காலை 7.15

ஐப்பசி மழையில் நிலைக்கதவு ஊறி இறுகிக்கொள்ளும். தோளால் இடித்தாலும் திறக்காது. அதற்காக உள்ளே இருக்கும் பீரோவைக் காணோம் என்று யாரும் அழுவதில்லை. பூட் ஆவது என்பது அந்தக் கதவுதான். விண்டோஸ் எழுந்து நிற்கத் தேவையான சில கோப்புகளில் ஏதோ ஒன்று படிக்க முடியாமல் போனாலே போதும், கறுப்புத் திரை வந்துவிடும். போட்டோக்கள் அவை பாட்டுக்கு இருந்த இடத்திலேயே இருக்கும்.

டிஸ்கைச் சந்தேகப்படும் முன் மெஷினைச் சந்தேகப்படுங்கள். ஆன் செய்தவுடன் டெலீட் பட்டனையோ எஃப்2-வையோ திரும்பத் திரும்ப அழுத்தினால் பயாஸ் திரை வரும், விண்டோஸுக்கு முன்னால் மெஷினை எழுப்பும் மென்பொருள் அது. அங்கே இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: டிஸ்கின் பெயர் தெரிகிறதா, தேதி சரியாக இருக்கிறதா.

தேதி ஏன்? 2019-ல் என் மெஷினும் இதே மாதிரி கரண்ட் போய் வந்த ஒரு காலையில் படுத்துவிட்டது. ஒரு நாள் முழுக்க டிஸ்கைக் கழற்றி மாட்டி, கேபிளை மாற்றி, வேண்டாத தெய்வமில்லை. கடைசியில் பார்த்தால் தேதி பத்து வருஷம் பின்னால் இருந்தது. மதர்போர்டில் ஒட்டியிருக்கும் காசு சைஸ் 2032 பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. சுவரில் கரண்ட் இருக்கும்வரை அது செத்தது வெளியே தெரியாது. கரண்ட் போனதும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து, எந்த டிஸ்கிலிருந்து எழ வேண்டும் என்பதையும் மறந்துவிட்டது. பேட்டரி 30 ரூபாய். அன்றைக்கு நான் எடுத்த விடுப்புக்கு அதைவிடப் பல மடங்கு.

பெயரே தெரியாவிட்டால் டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றித் திரும்ப அழுத்திச் செருகிப் பாருங்கள். வேறு கேபிள் இருந்தால் இன்னும் நல்லது. பெசன்ட் நகரில் கடலைப் பார்த்த வீட்டில் இருக்கும் நண்பனின் டிஸ்க் இப்படித்தான் காணாமல் போனது. டிஸ்கின் அடியில் இருக்கும் பச்சை சர்க்யூட் பலகையைக் கழற்றினால், அது உள்பகுதியைத் தொடும் புள்ளிகள் உப்புக் காற்றில் கறுத்திருந்தன. பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்தோம், எழுந்துவிட்டது. கடலோர வீடுகளில் ஃபிரிட்ஜ் துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது.

ஜூன் 4, காலை 7.40

பென் டிரைவ் ஏதாவது செருகியபடியே இருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள். சில மெஷின்கள் முதலில் அதிலிருந்து எழப் பார்த்து, ஒன்றுமில்லை என்று படுத்துக்கொள்ளும். கந்த சஷ்டி கவசம் ஏற்றிய பென் டிரைவைப் பிடுங்கி ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரைப் பிழைக்கவைத்தவன் நான். அந்த வீட்டில் இன்றைக்கும் எனக்குக் காபி ஸ்ட்ராங்காகத்தான் வரும்.

ஜூன் 5, இரவு 9.20

பதில் வந்துவிட்டது. தேதி சரி, பென் டிரைவ் இல்லை, டிஸ்கின் பெயர் தெரிகிறது, ஆனால் தெரிவதற்கு அரை நிமிஷம் ஆகிறது. அந்த அரை நிமிஷம் எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல டிஸ்க் கூப்பிட்டவுடன் வரும்.

அடுத்த வேலை, டிஸ்கைக் கழற்றி இன்னொரு மெஷினில் வெளி டிஸ்க் மாதிரி மாட்டுவது. அதற்கு யூஎஸ்பி-சாட்டா அடாப்டர் வேண்டும். இங்கே பலர் தவறுவார்கள்: லேப்டாப்பில் வரும் இரண்டரை அங்குல டிஸ்குக்கு யூஎஸ்பி தரும் 5 வோல்ட் போதும். உங்களுடையது டெஸ்க்டாப்பின் மூன்றரை அங்குலம், அதற்கு 12 வோல்ட் தனியாக வேண்டும். சுவரில் செருகும் அடாப்டரோடு வருவதைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் டிஸ்க் சுற்றாது, அதையும் 'போச்சு' கணக்கில் எழுதிவிடுவோம்.

ரிச்சி தெருவில் கிடைக்கும். மெட்ரோவில் வந்தால் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி அண்ணா சாலையில் கொஞ்ச தூரம் நடை. ஞாயிற்றுக்கிழமை போய் ஏமாறாதீர்கள். அங்கே மாடிப்படிக்குக் கீழே நான்கடி அகலக் கடையில் ஒரு பையன் டிஸ்க் பார்ப்பதை ஒருமுறை நின்று கவனித்தேன். கரண்ட் கொடுத்துவிட்டு ஸ்க்ரூடிரைவர் நுனியை டிஸ்க்கின் மூடியில் வைத்தான், பிடியைக் காது எலும்போடு ஒட்டினான், கண்ணை மூடிக்கொண்டான். தெருவில் ஹாரன் சத்தம், பக்கத்துக் கடையில் ஸ்பீக்கர் சோதனை. பத்து விநாடி. 'தலை ஒட்டலைண்ணே, சுத்துது, தேடுது, கிடைக்கலை' என்றான். தலை என்பது டிஸ்கின் உள்ளே சுற்றும் தகட்டைப் படிக்கும் முனை. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்குள் சொல்லிவிட்டான் என்று தோன்றியது.

மாட்டியதும் விண்டோஸ் 'இந்த டிஸ்கை ஃபார்மட் செய்யவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழுது பார்க்கவா என்று கேட்டால் பார்க்கவிடலாம். 931 ஜிபிதான் காட்டுகிறது, மீதி எங்கே என்று பதற வேண்டாம். கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. ஒரு ஜிபிகூடக் குறையவில்லை.

ஜூன் 6, மாலை 6.05

வேளச்சேரிக்காரர் மகனின் லேப்டாப்பில் மாட்டிவிட்டார். சி டிரைவைத் தொட்டால் லேப்டாப்பே உறைகிறது, டி டிரைவில் ஃபோல்டர்கள் தெரிகின்றன. டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளை ஓட்டிப் பார்த்ததில் மஞ்சள் எச்சரிக்கை, சி5 என்ற வரியில் 10.

சி5 என்பது, படிக்க முடியாமல் தவித்து, பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று டிஸ்க் ஒதுக்கி வைத்திருக்கும் செக்டர்களின், அதாவது தகவல் பதியும் சின்னக் கட்டங்களின் எண்ணிக்கை. 05 என்ற வரி, கெட்டுப்போனதால் ஏற்கெனவே மாற்று இடம் கொடுத்தவை. சி7 ஏறினால் பெரும்பாலும் குற்றவாளி கேபிள்தான். அப்புறம் ஒரு சின்னத் திருத்தம்: அந்த மென்பொருள் வழக்கமாகப் பதினாறடிமான எண்ணில், அதாவது பத்துப் பத்தாக அல்லாமல் பதினாறு பதினாறாக எண்ணிக் காட்டும். உங்கள் 10 உண்மையில் 16.

ஜூன் 6, இரவு 11.30

ஐந்தாம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். 'பழுது பார்க்கவா என்று கேட்டால் பார்க்கவிடலாம்' என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். நான் எப்படி அதை எழுதினேன் என்று தெரியவில்லை. அதே காரியத்தைச் செய்து ஒரு குடும்பத்தின் மானத்தைச் சந்திக்கு இழுத்தவன் நான். நாளை சொல்கிறேன். இப்போது லேப்டாப்பிலிருந்து டிஸ்கைக் கழற்றிவிடுங்கள்.

ஜூன் 7, காலை 8.00

என் தாய்மாமா அயனாவரத்தில் இருக்கிறார், பூர்வீகம் பேராவூரணிப் பக்கம். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு மொய் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: கல்யாணத்தில் வாங்கிய மொய் பரிசு அல்ல, கடன். யார் எவ்வளவு செய்தார்கள் என்று எழுதி வைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் மேலே கொஞ்சம் போட்டுத் திருப்ப வேண்டும். மறந்தால் உறவு அறுந்துவிடும். குறைத்துச் செய்தால் அறுவதோடு ஊரெல்லாம் பேச்சாகிவிடும்.

2007-ல் மாமா பெண்ணுக்குக் கல்யாணம். மொய் நோட்டில் 612 பேர். மாமா ஓய்வுபெற்றபின் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் அத்தனையையும் எக்செல்லில் ஏற்றினார், ஒரு மாசம் ஆனது. ஏற்றி முடித்ததும் 'அதான் டைப் அடிச்சாச்சே' என்று நோட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார். அத்தை அதை இன்னும் மன்னிக்கவில்லை.

2016 சித்திரையில் அந்த 500 ஜிபி டிஸ்க் மெதுவாகியது. ஃபோல்டர் திறக்க ஐந்து நிமிஷம். 'மாப்ள, வந்து பாரு' என்றார். நான் போய்ப் பெரிய மேதாவி மாதிரி, விண்டோஸின் பழுது பார்க்கும் கட்டளையான செக் டிஸ்கை, கெட்ட செக்டர்களையும் தேடும்படி ஓடவிட்டேன். 11 சதவீதத்தில் நின்றது. ராத்திரி முழுக்க ஓடட்டும் என்று சொல்லிவிட்டு அத்தை போட்ட அடையைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காலையில் மாமா போன் செய்தார். கணக்கு என்ற ஃபோல்டர் இல்லை. ஃபவுண்ட் என்ற பெயரில் புதிதாக ஒரு ஃபோல்டர், உள்ளே எண் போட்ட துண்டுகள் நூற்றுக்கணக்கில், எதைத் திறந்தாலும் திறக்கவில்லை. அதோடு டிஸ்க்கிலிருந்து டிக், டிக் என்று சத்தம்.

நடந்தது இதுதான். செக் டிஸ்க்குக்கு உங்கள் கோப்பின் மேல் அக்கறை இல்லை. கோப்பு முறையின் பேரேடு முன்னுக்குப் பின் முரணில்லாமல் இருக்க வேண்டும் என்பதே அதன் கவலை. படிக்க முடியாத வரியைக் கண்டால் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுப் பேரேட்டைச் சரிக்கட்டிவிடும். நல்ல டிஸ்கில் அது நல்ல வேலைதான். சாகக் கிடக்கும் டிஸ்கில், கெட்ட இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்து, அதன் மேலேயே எழுதவும் செய்கிறது. டிஸ்க் தானாகப் போனதைவிட நான் அந்த ராத்திரி போக்கியது அதிகம்.

ஆகவே கேட்ட கேள்விக்கு என் முழுப் பதில்: பூட் ஆகாததால் எதுவும் போகவில்லை. பூட் ஆகுமா ஆகுமா என்று பத்து முறை ஆன் செய்து பார்ப்பதிலும், பழுது பார்க்கிறேன் என்று அதில் எழுதுவதிலும்தான் போகிறது.

ஜூன் 7, மதியம் 1.10

'அப்போ மொய்க் கணக்கு என்ன ஆச்சு' என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அரங்கேற்ற வீடியோ பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இருங்கள், வரிசையாக வருகிறேன்.

ஜூன் 8, இரவு 10.15

இப்போது செய்ய வேண்டியது நகல். கோப்பு கோப்பாக இழுத்துப் போடுவது அல்ல, டிஸ்க் முழுவதையும் முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர்வரை இன்னொரு டிஸ்குக்கு. அப்புறம் மூல டிஸ்கைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, தேடுவது, பழுது பார்ப்பது எல்லாம் நகலில். நகல் கெட்டால் இன்னொரு நகல்.

இதற்கு நான் நம்புவது குனூ டிடிரெஸ்கியூ என்ற மென்பொருள். அந்தோனியோ டியாஸ் டியாஸ் எழுதியது, இலவசம். விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான உபுண்டுவைப் பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸைத் தொடாமல் அதிலிருந்து எழுந்து ஓட்டலாம். கட்டளைகளை இங்கே தட்டவில்லை, அதன் கையேட்டில் தெளிவாக இருக்கின்றன. எந்த டிஸ்கிலிருந்து எந்த டிஸ்குக்கு என்பதை மட்டும் மூன்று முறை சரிபார்த்துவிட்டு எண்டர் தட்டுங்கள். திருப்பிக் கொடுத்தால் காலி டிஸ்கைக் கொண்டுபோய் அரங்கேற்றத்தின் மேல் எழுதிவிடும். எந்த டிஸ்க் எது என்று அளவையும் சீரியல் எண்ணையும் வைத்துப் பாருங்கள். உபுண்டு திரையில் தெரியும் பழைய டிஸ்கின் ஐகானைக் கிளிக் செய்யவும் வேண்டாம், செய்தால் எழுதும் அனுமதியோடு திறந்துவிடும்.

இதன் புத்தி எனக்குப் பிடித்தது. சாதாரண காப்பி கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். இது கெட்ட இடம் வந்ததும் தாண்டிக் குதித்து, முதலில் சுலபமாகக் கிடைப்பதையெல்லாம் அள்ளிக்கொள்ளும். அப்புறம்தான் திரும்பி வந்து ஓரங்களிலிருந்து சுரண்டும். பந்தியில் இலை போட்டதும் அப்பளத்தையும் பாயசத்தையும் முதலில் கவனிக்கிறவர்களுக்கு இது புரியும். எங்கே எடுத்தாயிற்று, எங்கே பாக்கி என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். அந்தக் கோப்பை உபுண்டு ஏற்றிய பென் டிரைவில் விட்டுவிடாதீர்கள், அணைத்தால் மறந்துவிடும். தனி இடத்தில் சேமியுங்கள்.

அதன் அருமை மாமாவின் டிஸ்கில்தான் தெரிந்தது. முதல் 90 சதவீதம் மூன்று மணி நேரத்தில் வந்தது. அடுத்த 9 சதவீதம் இரண்டு நாள். நடுவில் கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் கைவிட்டது. திரும்ப ஆன் செய்தபோது, விட்ட இடத்திலிருந்து எதுவுமே நடக்காத மாதிரி தொடர்ந்தது. டிஸ்க் மேல் ஒரு டேபிள் ஃபேன் வைத்திருந்தேன். அத்தை வந்து பார்த்துவிட்டு, 'எனக்கு இல்லாத ஃபேன் இதுக்கா' என்றார்.

ஜூன் 9, காலை 9.00

ஃபிரீசர் வைத்தியம் பற்றி நாலைந்து பேர் எழுதியிருக்கிறார்கள். டிஸ்கை ஜிப் கவரில் போட்டு ராத்திரி ஃபிரீசரில் வைத்தால் காலையில் கொஞ்ச நேரம் ஓடும் என்பது. நானும் செய்திருக்கிறேன், 2009-ல், பக்கத்து வீட்டு டிஸ்க். கொஞ்சம் ஓடவும் செய்தது. ஒரே ஒரு ஃபோல்டர் காப்பி ஆகும் நேரத்துக்குள் டிஸ்க் எலுமிச்சை ஜூஸ் பாட்டில் மாதிரி வியர்த்து ஒழுகியது, அத்தோடு சரி. குளிர்ந்த இரும்பைச் சென்னைக் காற்றில் வெளியே எடுத்தால் தண்ணீர் கோக்கத்தான் செய்யும், தகட்டின் மேலும் கோக்கும். அந்த ஒரு ஃபோல்டரில் இருந்தது கேபிள் டிவி ரசீதுகள்.

சர்க்யூட் பலகையை மாற்றுவதும் அப்படித்தான். ஒரே மாடல் டிஸ்க் வாங்கி அதன் பலகையைப் போட்டால் ஓடும் என்பது பழைய காலத்து டிஸ்குகளுக்குச் சரி. இப்போதுள்ளவற்றில் ஒவ்வொரு டிஸ்குக்கும் உரிய அளவீடுகள் பலகையில் இருக்கும் சின்ன ராம் சிப்பில் பதிந்திருக்கும்.

ஜூன் 9, காலை 9.05

ராம் அல்ல, ரோம். எட்டுக்கால் சிப். அதையும் பெயர்த்துப் புதுப் பலகையில் பற்றவைக்க வேண்டும். கை நடுங்காதவர்கள் செய்யலாம், நான் செய்ய மாட்டேன்.

ஜூன் 11, இரவு 9.45

சத்தம் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார், அவருடையது டிக் டிக் என்கிறதாம். இதுவரை நான் எழுதியது எதுவும் உங்களுக்கு இல்லை. டிக் டிக் என்றால் பெரும்பாலும் தலை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் போய்ப் போய் மோதித் திரும்புகிறது. நிமிஷத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றும் தகட்டுக்கு மேல், சில நானோமீட்டர் இடைவெளியில் அந்தத் தலை மிதக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமன் அதைப்போல் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். தலை பழுதாகித் தகட்டைத் தொட்டால் காந்தப் பூச்சே சுரண்டப்பட்டுத் தூளாகிவிடும், தூளான தகவலை யாராலும் ஒட்ட முடியாது. ஆகவே ஆன் செய்யாதீர்கள்.

இதற்கு மீட்பு ஆய்வகம்தான், சென்னையில் இருக்கின்றன. போனில் கேட்க வேண்டிய கேள்வி விலை அல்ல. 'டிஸ்கை எங்கே வைத்துத் திறப்பீர்கள்' என்று கேளுங்கள். தூசி வடிகட்டிய அறை அல்லது அதற்கான பெட்டி என்றால் சரி. மின்விசிறி சுற்றும் மேஜையில், உங்கள் கண் முன்னாலேயே மூடியைத் திறந்து காட்டினால் அவர் நேர்மையானவராக இருக்கலாம், ஆனால் டிஸ்க் அங்கேயே முடிந்தது. தகவல் வராவிட்டால் காசு உண்டா, மாற்றுத் தலை எடுக்க வாங்கும் இன்னொரு டிஸ்கின் விலை யார் தலையில் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

மாமாவின் டிஸ்கும் டிக் டிக் என்றதுதானே, அதை ஏன் வீட்டில் வைத்து ஓட்டினாய் என்று கேட்பீர்கள். நியாயம். ஆய்வகத்தில் ஐந்து இலக்கத்தில் ஒரு தொகை சொன்னார்கள். மாமா, 'மொத்த மொய்யும் அவ்வளவு தேறாது' என்றார். தேறியது, நான் பிறகு கூட்டிப் பார்த்தேன். அவ்வப்போது டிக், மற்றபடி படிக்கிறது என்ற நிலையில் இருந்ததால் தப்பித்தேன். அது கெட்டிக்காரத்தனம் இல்லை, அதிர்ஷ்டம்.

ஜூன் 12, காலை 7.30

சுற்றும் தகடு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கும் இதெல்லாம் பொருந்துமா? ஓரளவுக்கு. அதில் தலையும் இல்லை, சத்தமும் இல்லை, போகும்போது சொல்லாமல் போய்விடும். தவறுதலாக அழித்ததை மீட்பது அதில் இன்னும் கஷ்டம். அழித்த இடத்தை டிரிம் என்ற கட்டளை மூலம் விண்டோஸ் எஸ்எஸ்டியிடம் தெரிவித்துவிடும், அது தன் வேளையில் துடைத்துவிடும்.

புது லேப்டாப் வைத்திருப்பவர்கள் இன்னொன்று கவனிக்க வேண்டும். பல மெஷின்களில் நீங்கள் கேட்காமலே டிஸ்க் குறியாக்கம் ஆகியிருக்கும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கும். மதர்போர்டு போய் டிஸ்கை வேறு மெஷினில் மாட்டினால், விண்டோஸின் அந்தப் பூட்டான பிட்லாக்கர் 48 இலக்க எண் கேட்கும், ஆறாறாக எட்டுக் கட்டம். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இன்றே பார்த்து ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். அந்த எண் இல்லாமல் நல்ல டிஸ்கும் செங்கல்தான்.

ஜூன் 12, இரவு 8.20

வேளச்சேரி என்றதும் ஒன்று சொல்லாமல் விட்டேன். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் ரிச்சி தெருவுக்கு ஆட்டோ ஆட்டோவாக சிபியு வந்ததை நான் பார்த்தேன். ஒரு கேபினெட்டைச் சாய்த்தபோது உள்ளேயிருந்து சேறு சோற்றுக்கஞ்சி மாதிரி ஒழுகியது. வெயிலில் காயவைத்து ஆன் செய்தவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். நனைந்த டிஸ்கைக் காயவைக்கக் கூடாது, அழுக்கு தகட்டோடு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடு கவரில் கட்டி ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும். தரைத்தளத்தில் இருப்பவர்கள் ஐப்பசி பிறக்கும் முன் சிபியுவைத் தரையிலிருந்து மேஜைக்கு ஏற்றிவிடுங்கள்.

ஜூன் 14, இரவு 10.00

வேளச்சேரியிலிருந்து நல்ல செய்தி. 2 டெராபைட் புது டிஸ்க் வாங்கி, மகனும் அவருமாக உட்கார்ந்து டிடிரெஸ்கியூ ஓட்டினார்களாம். நல்ல டிஸ்காக இருந்தால் மூன்று நான்கு மணி நேர வேலை, இதற்கு ஒன்றரை நாள். கடைசியில் வராமல் நின்றது மொத்தம் 28 கிலோபைட். அதில் பெரும்பகுதி சி டிரைவில் விண்டோஸ் எழுந்திருக்கத் தேவையான இடத்தில். கதவு மட்டும்தான் கெட்டிருந்தது.

மீதிக் கொஞ்சம் அரங்கேற்ற வீடியோவுக்குள் விழுந்திருக்கிறது. நாற்பதாவது நிமிஷத்தில், நட்டுவனார் ஜதி சொல்லும் இடத்தில், இரண்டு விநாடி படம் கட்டம் கட்டமாகச் சிதறித் திரும்புகிறதாம். சத்தம் அறுபடவில்லை. பெண் பார்த்துவிட்டு, 'அந்த இடத்துல நான் தாளம் தப்பினேன், நல்லவேளை' என்றாளாம்.

ஜூன் 15, மதியம் 12.30

சரி, மொய்.

நகல் எடுத்தாயிற்று. ஆனால் என் செக் டிஸ்க் புண்ணியத்தில் ஃபோல்டர் பட்டியலே சிதைந்திருந்தது. டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன், பார்ட்டிஷன் (சி, டி மாதிரி டிஸ்கின் பிரிவு) தெரிந்தது, கணக்கு ஃபோல்டர் தெரியவில்லை. கடைசி வழி ஃபோட்டோரெக். இரண்டும் ஒரே ஆள் எழுதியவை, கிறிஸ்டோஃப் கிரேனியே. ஃபோட்டோரெக் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. டிஸ்கை நேராகப் படித்து, இது படம் மாதிரி தொடங்குகிறது, இது எக்செல் மாதிரி தொடங்குகிறது என்று அள்ளிப்போடும். பெயர் வராது. 41 ஆயிரம் கோப்புகள் வந்தன, எல்லாவற்றுக்கும் எண்தான் பெயர். ஒரு கூட்டத்தில் அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் சட்டை போட்டு நிறுத்தினால் எப்படி இருக்கும், அப்படி.

எக்செல் கோப்புகள் மட்டும் எண்ணூற்றுச் சொச்சம். உள்ளே 'பேராவூரணி' என்று தேடினால் மாட்டிவிடும் என்று நினைத்தேன். ஒன்றும் மாட்டவில்லை. அரை நாள் கழித்துத்தான் தலையில் அடித்துக்கொண்டேன். ராயப்பேட்டையில் இருபது வருஷம் டிடிபி (அச்சுக்குப் பக்கம் வடிவமைக்கும்) வேலை பார்க்கிறவனுக்கு இது முதல் நிமிஷமே தெரிந்திருக்க வேண்டும். மாமா இப்போது எல்லோரும் அடிக்கும் யூனிகோடில் அடிக்கவில்லை, அந்தக் காலத்து டாப் எழுத்துருவில் அடித்திருக்கிறார். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் வந்த குறியேற்றம் அது, அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாடு. யூனிகோடில் 'பே' என்றால் முதலில் ப, பிறகு இரட்டைக்கொம்பு. டாபில் கண்ணுக்குத் தெரிகிற வரிசை: கொம்பு முதலில், ப பிறகு. எண்களும் வேறு. கம்ப்யூட்டருக்கு இரண்டும் சம்பந்தமில்லாத சொற்கள்.

பழைய டிடிபி மெஷினில் அதே எழுத்துருவில் பேராவூரணி என்று அடித்தேன். எழுத்துருவை எடுத்துவிட்டால் தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளின் குப்பை. அந்தக் குப்பையைக் காப்பி செய்து தேடினேன். ஏழு கோப்புகள் மாட்டின. மாமா சேமிக்கும்போதெல்லாம் விட்டுப்போன பழைய பிரதிகள். ஐந்தில் நானூறு வரிதான். இரண்டில் 612 முழுசாக.

அயனாவரத்துக்குப் பிரிண்ட் எடுத்துப் போனேன். மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஸ்கேல் வைத்து வரி வரியாக இரண்டையும் ஒப்பிட்டார். ஒரே ஒரு வித்தியாசம்: கடைத்தெரு மளிகைக்காரர் ஒரு பிரதியில் 501, இன்னொன்றில் 1001. எது திருத்தியது, எது திருத்தாதது என்று ஃபோட்டோரெக் சொல்லாது, தேதியும் போய்விட்டது. அந்த ஆவணியில் அவர் பேரனுக்குக் காதுகுத்து. மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். அத்தை அடுப்படியிலிருந்தே, 'ஆயிரத்து ஒண்ணுதான். நோட்டுல நான் பார்த்திருக்கேன்' என்றார். மேலே 500 சேர்த்துக் கவரில் போட்டார்கள்.

ஜூன் 17, இரவு 9.10

பழைய டிஸ்கை என்ன செய்வது என்று வேளச்சேரியிலிருந்து கேள்வி. ஒரு வருஷம் பரணில் இருக்கட்டும், நகலில் ஏதாவது விட்டுப்போனது பின்னால்தான் ஞாபகம் வரும். அப்புறமும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள், பூட் ஆகாத டிஸ்கில் என்னவெல்லாம் படிக்க முடிகிறது என்றுதான் இரண்டு வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். நட்சத்திர வடிவ ஸ்க்ரூடிரைவரால் திறந்து தகட்டைக் கீறிவிடுங்கள். சில லேப்டாப் டிஸ்குகளில் தகடு கண்ணாடி, தெறிக்கும், கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இரண்டு காந்தம் இருக்கும், விரல் நடுவில் மாட்டினால் ரத்தம் கட்டிவிடும். மாமா டிஸ்கிலிருந்து எடுத்ததில் ஒன்று எங்கள் ஃபிரிட்ஜில் காஸ் ரசீதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்னொன்றை அத்தை கேட்டு வாங்கிக்கொண்டார், ஊசி தேட.